விலக்கியதற்கான காரணம்

“…போதிய ஆதாரம் இல்லைன்னு எழுதறது பொய் ஒண்ணும் இல்லையேக்கா,” என்றாள்.

அதற்கு முன்னால் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உள்ளே பவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவளுடைய அண்ணன் நடத்தும் பட்டறை அது. முன்பக்கம் பிளைவுட் வைத்துத் தடுத்த சின்ன அறையில் நாங்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் அவளுடைய ஆராய்ச்சியின் இரண்டாம் அத்தியாயம் இருந்தது. காலையில் என் கடையில் அச்செடுத்தது, காகிதத்தில் இன்னும் சூடு இருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வாக்கியத்தைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. அதை டைப் அடித்தவளே நான்தான்.

பொய் இல்லைதான். ஆனால் அந்த வாக்கியம் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் என்று மூன்று வேலையும் செய்கிற கடை என்னுடையது. நான் பிளஸ் டூ தாண்டாதவள். இங்கிலீஷ் கற்றதெல்லாம் ஊரார் தீசிஸ்களை டைப் அடித்து அடித்துத்தான். மண்புழுவில் ஆரம்பித்து மனோதத்துவம் வரைக்கும் எல்லாவற்றிலும் அரைகுறையாக எனக்குத் தெரியும். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிக்கிறவர்கள் பலர் அர்த்தத்தைக் கவனிக்க மாட்டார்கள், கவனித்தால் வேகம் குறையும். எனக்கு வேகம் குறைந்தது, வாடிக்கையாளர்கள் கூடினார்கள். “அக்கா படிச்சுட்டுத்தான் அடிப்பாங்க, தப்பு இருந்தா சொல்லிடுவாங்க” என்று பேர் வாங்கினேன்.

இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. மனிதர்கள் பேச்சுவாக்கில் சொல்வதை மறக்க மாட்டேன். கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் நான், “இன்னைக்கு வஞ்சிரமே இல்லை போலிருக்கு” என்று சொல்லிவிட்டேன். கூடையை இறக்காமலேயே என்னைப் பார்த்தாள். “என் கூடையில இல்லைன்னா கடல்லயே இல்லைன்னு எழுதிக்குவியா நீ?” என்றாள். அன்றைக்கு வாங்கிய சங்கரா மீனின் ருசியைவிட அந்தப் பேச்சு ருசியாக இருந்தது.

பிளைவுட் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அந்தக் கடையில்தான் முதலில் பார்த்தேன். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி உள்ளே போகிற தெருவில் வீடு. அத்தா பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர், அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டு, செகண்ட் ஹாண்டில் ஒரு பவர் பிரஸ் வாங்கிப் போட்டு, வண்டிகளுக்கான சின்னச் சின்னத் தகட்டுச் சாமான்கள் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்று மூன்றாயிற்று. தங்கையை டிசைன் படிக்க வைத்தார். “அவ வரையட்டும், நான் அடிக்கிறேன்” என்பாராம். அவள் மேலே மேலே படித்து ஆராய்ச்சிக்குப் போனாள். என்ன ஆராய்ச்சி என்று தேடி எங்கேயும் அலையவில்லை. அண்ணனுடைய பிரஸ்ஸையே எடுத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பட்டறையில் ஒருவருக்கு ஆள்காட்டி விரலின் நுனி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்து, ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டு வந்த அண்ணன், தரையைத் தானே கழுவியதை அவள் பார்த்திருக்கிறாள். கழுவிய தண்ணீர் வாசல் வரைக்கும் வந்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

பிரஸ் என்றால் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு கனத்த இரும்புத் தலை. கீழே அச்சு. நடுவில் தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதித்தால் தலை இறங்கி ஒரு அடி அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். அடித்த துண்டைக் கையால் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். கை உள்ளே போகிற வேலை. கை போகாமல் தடுக்க மெஷினோடு ஒரு காவல் கம்பி வரும். திருமுடிவாக்கத்தில் அந்தக் கம்பிகள் பெரும்பாலும் மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும். மாட்டினால் வேலை ஓடாது என்று கழற்றிவிடுவார்கள். கழற்றத் தோன்றாத ஒரு காவலைச் செய்ய வேண்டும், அந்தப் பட்டறையில் இனி ஒரு விரல்கூடப் போகக் கூடாது. அவள் ஆராய்ச்சி அவ்வளவுதான், மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

முதல் வருடத்திலேயே செய்தும் விட்டாள். கம்பி வலையில் ஒரு சின்னக் கதவு. பெடலோடு இணைத்திருந்தது. மிதித்தால் கதவு கீழே இறங்கிக் கையை வெளியே நிறுத்தும். காலை எடுத்தால் கதவு மேலே போகும், துண்டை எடுக்கலாம். வேலை ஒரு நொடியும் தாமதப்படாது. அண்ணன் பார்த்துவிட்டு, “சூப்பரா கீது, நாளைக்கே மாட்டிடலாம்” என்று சொல்லியிருக்கிறார்.

அவளுடைய கைடு தடுத்தார். தப்பாகத் தடுத்தார் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். உலகத்தில் இதற்கு முன்னால் யார் யார் என்னென்ன காவல் செய்தார்கள், எது கைகொடுத்தது, எது காலை வாரிவிட்டது என்று தெரியாமல் ஒரு மனிதன் கை வைக்கிற இடத்தில் எதையும் மாட்டக் கூடாது என்றார். தோன்றியதைப் படித்துவிட்டுத் தோன்றியதைச் செய்வது ஆராய்ச்சி இல்லை, முறைப்படியான இலக்கிய மீளாய்வு முடியட்டும், அப்புறம் மாட்டு என்றார்.

அந்த மீளாய்வுக்குத்தான் அவள் என் கடைக்கு வந்தாள். இலக்கியம் என்றதும் நான் கதை, கவிதை என்று சந்தோஷப்பட்டேன். “அது இல்லைக்கா, ஒரு விஷயத்தைப் பத்தி இதுவரைக்கும் எழுதின ஆய்வுக் கட்டுரை எல்லாத்தையும்தான் அப்படிச் சொல்றோம்” என்று சிரித்தாள். முறை என்னவென்றால், முதலில் கேள்வியை எழுத்தில் நிறுத்திவிட வேண்டும். எந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடுவது, எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று விதிகளையும் தேடுவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். வந்து விழுகிற கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருத்தர் பார்த்தால் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார் என்ற சந்தேகம்தான். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. கூடப் படிக்கிறவர்கள் அவரவர் மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தார்கள். முதல் கட்டமாகச் சலித்தெடுக்க, விதி தெரிந்து பழகிய யாராக இருந்தாலும் போதும் என்று கைடு சொல்லிவிட்டார்.

“அரிசியில கல்லு பொறுக்கற மாதிரியா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க்கா. ஆனா கல்லைத் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் இது ஏன் கல்லுன்னு எழுதி வெக்கணும்.”

அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் ஊரிலும் நாம் எத்தனை பேரைக் காரணம் சொல்லாமல் ஒதுக்குகிறோம்! இங்கே ஒரு காகிதத்தை ஒதுக்குவதற்குக்கூடக் காரணம் எழுத வேண்டும் என்கிற நியாயம் நல்ல மனிதர்கள் செய்த நியாயமாகத் தெரிந்தது. மீன்கார அக்கா சொன்னதை அவளிடம் சொன்னேன். “முதல் பக்கத்துலயே போடலாம்க்கா. ஆனா சோர்ஸ் எங்கன்னு கேப்பாங்க” என்றாள்.

மாலையில் கடை ஓய்ந்த பிறகு உட்காருவோம். அவள் ஒரு கம்ப்யூட்டரில், நான் ஒரு கம்ப்யூட்டரில். பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது. என்னைப் பேசாமல் உட்காரவைத்த ஒரே ஆராய்ச்சி அதுதான். தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு ‘சேர்’, ‘விலக்கு’, ‘சந்தேகம்’ என்று குறிக்க வேண்டும். ஆரம்பத்தில் ‘கை’ என்ற சொல் எங்கே வந்தாலும் நான் ‘சேர்’ என்று போட்டேன். கைத்தறியைப் பற்றி ஒன்று, கை கழுவுவதைப் பற்றி ஒன்று எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்த அன்று அவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தேறிவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு மாதிரிக் கட்டுரைகள் அடிக்கடி வர ஆரம்பித்தன. தொழிலாளியைப் பற்றியோ காவலைப் பற்றியோ இல்லை. மெஷின் தலையை இறக்கி நிறுத்துகிற கிளட்ச், அதற்குள் இருக்கிற சாவி என்ற இரும்புத் துண்டு, ஸ்பிரிங், தேய்மானம் என்று போகும். நடுவில் எங்கேயாவது ‘கை’ வரும். பழைய பழக்கத்தில் நான் ‘சந்தேகம்’ போட்டேன், அவள் ‘விலக்கு’ போட்டாள். கைடு பார்த்துவிட்டு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தொழிலாளி கழற்றாமல் வைத்திருக்கிற காவல் எது என்பது நம் கேள்வி, இது பராமரிப்பு, நம் வேலை வடிவமைப்பு என்றார். விதியும் அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு அந்த மாதிரி எது வந்தாலும் நாங்கள் இருவருமே விலக்கினோம். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி, ‘வடிவமைப்பு அல்ல’. அதைத் திரும்பத் திரும்ப அடிக்க அலுத்துப்போய் ஒரு எழுத்தைத் தட்டினால் முழு வரியும் விழுகிற மாதிரி நான் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தேன்.

ஏழரை, எட்டு மணிக்கு அண்ணன் பைக்கில் வந்து தங்கையை அழைத்துப் போவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, “இன்னாக்கா, இன்னும் எத்தினி கீது?” என்பார்.

“உங்க தங்கச்சியைக் கேளுங்க” என்பேன்.

“அவ இன்னா சொல்லுவா, முடியட்டும்பா. நீ படிச்சுகினே இரு தாயி, நான் அடிச்சுகினே இருக்கேன்.” பிறகு எனக்காக ஒன்று. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

படிக்கிறவர்களைப் பார்த்து அந்தப் பழமொழியைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஏட்டில் எழுதியவனும் ஒரு காலத்தில் சுரைக்காய் தின்றவன்தானே என்று பதில் சொல்வேன். அவர் சிரித்துவிட்டு, வரும்போதே வாங்கிவந்த சமோசாப் பொட்டலத்தை மேஜையில் வைப்பார். தங்கை இல்லாதபோது அவளைப் பற்றிப் பேசினால் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும்.

ஒருநாள் சாயந்திரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது தங்கையிடம் சொன்னார். ரெண்டாம் நம்பர் மெஷின் எப்பவாவது டபுள் அடிக்கிறதாம். காலை எடுத்த பிறகும் தலை ஒரு தடவை தானாக இறங்குகிறதாம். அவள் உடனே ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னாள். ஆர்டர் முடியட்டும், மெஷினைப் பிரித்தால் ரெண்டு நாள் போய்விடும் என்றார் அவர். பேச்சோடு பேச்சாக, உன் கதவு எப்போ வரும் என்று கேட்டார். ரிவியூ முடியட்டும் என்றாள் அவள். நானும் அங்கேதான் இருந்தேன், சமோசா தின்றுகொண்டிருந்தேன். ‘முடியட்டும்’ என்று சொல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மேம்பாலம் முடியட்டும், மழை முடியட்டும், மெட்ரோ வேலை முடியட்டும். இரண்டு ‘முடியட்டும்’களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

போன் வந்தது ஒரு மத்தியான வேளையில். அன்றைக்கு அவள் ஏதோ அச்செடுக்க முன்னதாகவே கடைக்கு வந்திருந்தாள். பிரஸ் ஆப்பரேட்டர் லீவு, ஆர்டர் நிற்கக் கூடாது என்று அண்ணனே ரெண்டாம் நம்பரில் உட்கார்ந்திருக்கிறார். அவள் போனைக் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். என்னைப் பார்த்து, “கைக்கா” என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ பிடித்து குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரோடு முழுக்க டிராஃபிக். அவள் வழியெல்லாம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஆள்காட்டி விரல் இருந்தது, ஆனால் மடங்காது என்றார்கள். மறுநாள் மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அவர் தங்கையைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான். “காலை எடுத்துட்டேன்மா. பெடல்ல கால் இல்லை. துண்டை எடுக்கத்தான் கை வெச்சேன். அதுவா வந்துச்சு.”

அவர்கள் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்த முகம். மகள் பக்கம் திரும்பாமலேயே, “உன் கதவு ஒரு வருஷமா வூட்டுப் பரண்ல கெடக்கு. அதை மாட்டியிருந்தா என் புள்ளை கை இருந்திருக்கும்” என்றார்.

அவள் அண்ணனின் போர்வையைச் சரிசெய்தாள். நானும் அப்போது அம்மா சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். காலை எடுத்தால் கதவு மேலே போய்விடும். அண்ணன் காலை எடுத்துவிட்டார். கதவு மாட்டியிருந்தாலும் அந்த நேரம் திறந்துதான் இருந்திருக்கும். திறந்த கதவு வழியாகத்தான் கை உள்ளே போயிருக்கும். “என் கதவு மெஷினை நம்புதுக்கா. ஆளைத்தான் சந்தேகப்படுது” என்றாள்.

அதை அம்மாவிடம் சொல்லிவிடு, உன் மேல் பழி இல்லை என்றாகும் என்றேன். மாட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிற வரைக்கும் அம்மாவுக்கு என் மேல் கோபப்படவாவது முடியும், காப்பாற்றியிருக்காது என்று தெரிந்தால் யார் மேல் கோபப்படுவார் என்றாள். அந்தப் பழியை அவள் இன்றுவரை இறக்கிவைக்கவில்லை.

சில வாரங்கள் கடைக்கு வரவில்லை. வந்த அன்று நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். சேர்த்த குவியலைத் திறக்கவில்லை. விலக்கியதைத் திறந்தாள். ‘வடிவமைப்பு அல்ல’ என்று நான் ஒரு எழுத்தைத் தட்டித் தட்டி விழவைத்த வரிசை கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. கிடைத்த கட்டுரைகளை முழுசாக இறக்கி, கடையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். புரியாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மெஷினை நினைத்துப் பார்ப்பாள். கிளட்ச்சின் சாவி தேய்ந்தால், ஸ்பிரிங் தளர்ந்தால், காலை எடுத்த பிறகும் தலை தானாக இறங்கும். பல வருடங்களாகப் பலருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்த மாதிரி மெஷினில், அடி முடிந்ததும் திறந்துகொள்கிற காவல் எதையும் நம்பக் கூடாது என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

அண்ணன் சொன்ன பழமொழி அன்றைக்கு என் நெஞ்சில் வந்து நின்றது. ஏட்டில் சுரைக்காய் இருந்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, மூன்றாவது ஆளிடம் தீர்ப்பு வாங்கி, காரணமும் எழுதி, அதை வேறு குவியலில் போட்டிருந்தோம். முறையில் ஒரு பிசகும் இல்லை. கேள்விதான், கை போகிறது ஆளின் அவசரத்தால் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டிருந்தது.

அவள் கைடிடம் போனாள். திரும்பி வந்து, அவர் சொன்னதை நிதானமாகச் சொன்னாள். அவர் கோபப்படவில்லையாம். அண்ணனைப் பற்றி விசாரித்தாராம், டீ வாங்கிக் கொடுத்தாராம். அப்புறம் சொன்னாராம்: “ஒரு விபத்தைப் பார்த்துட்டுக் கேள்வியை மாத்தினா அது ரிவியூ இல்லைம்மா, சாட்சி சொல்றது. நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு விபத்தைப் பார்த்துட்டு மாத்துவார். அதைத் தடுக்கத்தானே விதியை முன்னாடியே எழுதறோம்?” மாற்றவே கூடாது என்று இல்லை. மாற்றியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து தேடி, முதலிலிருந்து சலித்து எடுக்கலாம். ஆனால் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது. இருக்கிற கேள்விக்குக் கிடைத்த பதிலோடு இந்த அத்தியாயத்தை முடி, இயந்திரக் கோளாறு பற்றிப் போதிய ஆதாரம் இல்லை, மேலும் ஆய்வு தேவை என்று ஒரு வரி போடு, பட்டம் வாங்கிய பிறகு அதையே தனியாகச் செய் என்றாராம்.

அவர் சொன்னதில் எந்தச் சொல்லைப் பிடித்து இது தப்பு என்று சொல்வேன்? வீட்டில் இனி அவளும் சம்பாதித்தாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘இம்மீளாய்வில் சேர்க்கப்பட்ட ஆய்வுகளைக் கொண்டு, இயந்திரக் கோளாறுகளின் பங்கு குறித்து முடிவு கூறப் போதிய ஆதாரம் இல்லை’ என்று இங்கிலீஷில். சேர்க்கப்பட்ட ஆய்வுகளைக் கொண்டு. அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு கை அளவுக்கு இடம் இருந்தது. டைப் அடிக்கும்போது மீன்கார அக்காவின் கூடை ஞாபகத்துக்கு வந்தது. முற்றுப்புள்ளியைத் தட்டினேன்.

கடைசியில் ஒரு போட்டோ வேண்டும் என்றார் கைடு. அவளுடைய கதவு மெஷினில் மாட்டியிருக்கிற படம், அத்தியாயத்தின் முடிவில் ஒரு முழுப் பக்கம். பக்கத்தை அமைக்கப்போகிறவள் நான் என்பதால் என்னையும் அழைத்தாள். அப்படித்தான் அன்றைக்குத் திருமுடிவாக்கம் போனோம். அத்தனை மாதம் அதைப் பற்றியே படித்தவள், பவர் பிரஸ் ஒன்றை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு ஆள் உயரம் இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணன் வாசலுக்கே வந்தார். வலது கையை பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தார். எப்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ரெண்டாம் நம்பரைச் சரி பண்ணியாச்சு என்றார். ஃபிட்டர் வந்து ஸ்பிரிங்கை மாற்றினாராம். தேய்ந்த சாவிக்கு வெல்டு வைத்துச் சாணை பிடித்துப் போட்டுவிட்டாராம். புதுச் சாவி வரப் பத்து நாள் ஆகும், கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான் என்றார். ஒரிசாப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு நடுவயதுக்காரர் அதில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கதவை மாட்டினார்கள். அவள் பல பக்கங்களிலிருந்து போட்டோ எடுத்தாள். வலைக் கம்பிகளில் புத்தம் புதுப் பெயின்ட், பின்னால் எண்ணெய் படிந்த மெஷின். படம் நன்றாகத்தான் வந்தது.

கழற்றிடலாமா என்று அண்ணன் கேட்டார். சாயந்திரம் லோடு வண்டி வருகிறது, கழற்றுகிற நேரத்துக்கு நூறு துண்டு அடித்துவிடலாம், இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவரே முடிவும் செய்தார். ஆப்பரேட்டர் கதவோடேயே வேலையை ஆரம்பித்தார். மிதித்தால் கதவு இறங்கியது. காலை எடுத்தால் ஏறியது. அவர் அதைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். பொம்மை மாதிரி இருக்கிறது என்று அரைகுறைத் தமிழில் சொன்னார்.

நாங்கள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தோம். அண்ணன் இடது கையால் பிளாஸ்க்கைத் திறக்கப் பார்த்தார். நான் எழுந்தேன், அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் தொடையில் இடுக்கிக்கொண்டு தானே திறந்தார். பேப்பர் கப்பில் டீயை ஊற்றி, ஒன்றைத் தங்கையிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். “இந்தாக்கா, ஏட்டுச் சுரைக்காய் டீ” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மூன்று பேராலும் முடியவில்லை.

அவர் உள்ளே போன பிறகுதான் அவள் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். போதிய ஆதாரம் இல்லை என்று எழுதுவது பொய் இல்லையே என்று என்னைக் கேட்டது அப்போதுதான். பிளைவுட் தடுப்பின் கதவு திறந்திருந்தது. அந்த வழியாக ஆப்பரேட்டரின் முதுகும் மெஷினின் பாதியும் தெரிந்தன. மற்ற இரண்டு மெஷினும் ஆளில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன, இதில் மட்டும் அடி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, ஒரு அடி. கேட்டுக் கேட்டுக் காது பழகி, இரண்டு அடிக்கு நடுவில் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த இடைவெளி வரவில்லை. ஒரு அடி விழுந்தது, உடனே இன்னொன்று.

ஆப்பரேட்டர் அடுத்த தகட்டை எடுக்கப் பக்கவாட்டில் குனிந்திருந்தார். இரண்டு கையும் தகட்டு அடுக்கின் மேல் இருந்தன. அவர் கால் தரையில் இருந்தது. அவளுடைய கதவு மேலே, திறந்து நின்றது. அண்ணன் உள்ளே எங்கேயோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார் என்று தோன்றியது, செருப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆப்பரேட்டருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அவள் டீயைத் தரையில் வைத்தாள். அத்தியாயத்தை நாற்காலியில் வைத்தாள். உள்ளே போய், அந்த ஆளின் தோளைத் தொட்டு எழுப்பித் தள்ளி நிற்கவைத்தாள். சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். மூன்று மெஷினும் இறங்கி ஓய்கிற சத்தத்துக்கு நடுவே அண்ணன், “ஏய், வண்டி வந்துடும்மா” என்றார். அவள் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.